படச்சுருளும் பாடவேறுபாடும்: பழந்தமிழ்த் திரைப்படங்களின் அழிவும் மீட்சியும்

1. முன்னுரை

சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மூலபாடம் இதுவென வரையறுத்து வெளியிடும் பணி தமிழாராய்ச்சிக்குப் புதிதன்று. 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சேறிய நாள்தொட்டு இப்பணி நெறிப்பட்ட ஒரு துறையாகவே வளர்ந்து வந்துள்ளது. ஆயின், இருபதாம் நூற்றாண்டில் தமிழ் மக்களின் சொல்லையும் இசையையும் நடிப்பையும் ஒருங்கே தாங்கிய திரைப்படம் என்னும் ஆவணம் இந்நெறிக்குள் இன்னும் வந்து சேரவில்லை. பழைய படங்களைச் செப்பனிட்டுத் திரையரங்குகளிலும், இல்லத்தில் வைத்துக் காணும் குறுந்தகடுகளாகவும் வெளியிடும் முயற்சி உலகெங்கும் பெருகிவரும் இந்நாளில், அவ்வெளியீடு உண்மையில் ஒரு பதிப்புப் பணியே என்பதையும், பதிப்பு நெறி பிறழின் நேரும் கேடு இன்னதென்பதையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு விருத்தாசலத்தை நிலைக்களமாகக் கொள்வது பொருத்தமுடைத்து. திருமுதுகுன்றம் எனத் தேவார மூவரால் பாடப்பெற்ற இவ்வூர், இன்று பீங்கான் தொழிலால் அறியப்படுகிறது. அகல்விளக்கும் பொம்மையும் மின்சாரக் கருவிகளின் பீங்கான் உறுப்புகளும் இங்குச் சூளையேறுகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனமும் இங்குளது. சுட்ட மண் ஈராயிரம் ஆண்டு நிற்கும் என்பதற்கு முதுமக்கள் தாழிகளே சான்று. கல்லின் நிலைபேற்றுக்கு இவ்வூர்க் கோயிலில் செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் செய்த கற்றளித் திருப்பணி சான்று. இவற்றோடு ஒப்ப நோக்கின், படச்சுருளின் வாழ்நாள் எத்துணைக் குறுகியதென்பது புலனாகும்.

2. படச்சுருளின் இயல்பு

1950 ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரையில் 35 மில்லிமீட்டர்ப் படச்சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை. அப்பொருள் எளிதில் தீப்பற்றும். பற்றிய பின் நீரினாலும் அணையாது. தீப்பற்றாவிடினும் நாளடைவில் பிசுபிசுத்து, ஒட்டி, பொடியாகிவிடும். அதன்பின் வந்த அசிட்டேட் சுருள் தீக்கு அஞ்சுவதன்று. ஆனால் வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் புளிக்காடியின் நாற்றம் வீசிச் சுருங்கி நெளிந்து கெடும். கடலோரத் தமிழகத்தின் தட்பவெப்பம் இரண்டிற்கும் பகையாகும்.

இயற்கை செய்த கேட்டினும் மாந்தர் செய்த கேடு சிறிதன்று. சுருளின் மேற்பூச்சில் வெள்ளி உண்டு. ஓட்டம் முடிந்த படங்கள் அவ்வெள்ளிக்காகவே கழுவப்பட்டன. எஞ்சிய செல்லுலாய்டு வளையலும் கைப்பையும் செய்யப் பயன்பட்டது. படத்தை வணிகப் பண்டமாக மட்டுமே கருதிய காலத்தில், ஓடி முடிந்த படம் கிடங்கு வாடகைக்குச் சுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இனி, ஒரு படத்திற்குப் பல பிரதிகள் இருந்தனவே, அவை எங்குச் சென்றன எனின், விநியோக முறையை நோக்குதல் வேண்டும். தென்னார்க்காடு, வடார்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்து ஒரே விநியோகப் பகுதியாகத் திரைத்தொழிலில் கணக்கிடப்பட்டன. நகரத் திரையரங்கில் முதலில் ஓடிய பிரதியே படிப்படியாகச் சிற்றூர்களின் டூரிங் டாக்கீஸ்களுக்குச் சென்றது. ஒவ்வோர் ஓட்டத்திலும் சுருள் கீறியது. அறுந்த இடத்தில் சில சட்டங்களை வெட்டி ஒட்டினர். ஆகவே கடைசிக் கொட்டகையை அடைந்த பிரதி, முதற்காட்சியில் ஓடிய பிரதியினும் குறைந்ததாகவே இருந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பிழையால் சுவடி சிதைந்தவாறு, ஓட்டுவோர் கைப்பட்டுப் படம் சிதைந்தது என்க.

3. அழிந்தனவும் எஞ்சியனவும்

ஊமைப்படக் காலத்தில் சென்னையில் உருவான கதைப்படங்கள் 124 என்பது திரைப்பட வரலாற்றாசிரியர் கணக்கு. இவற்றுள் இன்று எஞ்சியது ஒன்றே. நடராஜ முதலியார் எடுத்ததும், தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் எனப்படுவதுமாகிய கீசகவதம் இல்லை. 1931 அக்டோபர் 31 இல் சென்னையில் வெளிவந்து, தமிழின் முதற் பேசும்படம் என்று வரலாற்று நூல்கள் கூறும் காளிதாஸ் படத்தின் பிரதியும் கிடைத்திலது. டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசியும் பாடியும் உடன்நடித்தோர் தெலுங்கில் பேசியும் அமைந்த அப்படத்தின் மொழிநிலை, மொழியியலாளர்க்கு அரிய ஆய்வுப் பொருளாகியிருக்கும். இன்று அதனைச் செய்தித்தாள் குறிப்புகளாலும் பாட்டுப் புத்தகத்தாலுமே ஊகித்தறிய வேண்டியுள்ளது.

எஞ்சிய அவ்வோர் ஊமைப்படத்தின் வரலாறு சுவடி தேடிய பெரியோர் வரலாறுகளோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. சி. வி. இராமன் பிள்ளையின் மார்த்தாண்ட வர்மா என்னும் மலையாள நாவலை நாகர்கோவிலைச் சார்ந்த ஆர். சுந்தர் ராஜ் படமாகத் தயாரித்தார், இயக்கியவர் பி. வி. ராவ். 1933 இல் திருவனந்தபுரத்தில் அது திரையிடப்பட்டது. நாவலின் பதிப்புரிமை தம்முடையதென்று கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்ற ஆணையின்படி படம் நிறுத்தப்பட்டு, பிரதி அந்நிலையத்தாரிடம் சேர்ந்தது. தயாரிப்பாளர் பெரும்பொருள் இழந்தார். ஆனால் திரையரங்குகளில் ஓடித் தேயவும் வெள்ளிக்காகக் கழுவப்படவும் வாய்ப்பின்றி அப்பிரதி புத்தக நிலையத்திலேயே கிடந்தது. 1974 இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் அதனைப் பெற்றது. ஓடிய படங்கள் அழிந்தன. ஓடாது தடைப்பட்ட படம் நின்றது. இஃது ஊழின் விளையாட்டென விட்டுவிடத்தக்கதன்று. பாதுகாப்பு என்பது பொருளின் பெருமையைப் பொறுத்ததன்று, அது வைக்கப்பட்ட இடத்தைப் பொறுத்தது என்னும் உண்மையை விளக்குவதாகும்.

4. புனேயும் புதுமைப்பித்தனும்

இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964 பிப்ரவரியில் புனேயில் நிறுவப்பட்டது. அதனை வளர்த்தவர் பி. கே. நாயர். 1991 இல் ஓய்வு பெறும்வரை அவர் நாடெங்கும் அலைந்து சுருள்களைச் சேர்த்தார். கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் 1939 இல் எடுத்ததும், பின்னர் ஆங்கில அரசால் தடைசெய்யப்பட்டதுமாகிய தியாகபூமி இன்று நமக்கு எஞ்சியிருப்பது அக்காப்பகத்தின் துணையாலேயே ஆம். ஆயினும் 2003 ஜனவரியில் அங்குள்ள திரைப்பட நிறுவன வளாகத்துக் கிடங்கில் தீப்பற்றி, நூற்றுக்கணக்கான நைட்ரேட் படங்கள் சாம்பலாயின. காப்பிடமும் ஓரிடமாக மட்டும் இருத்தல் தகாது என்பதற்கு இத்தீயே சான்றாகும்.

அவ்வளாகம் பழைய பிரபாத் ஸ்டூடியோ ஆகும். 1960 இல் அது திரைப்பட நிறுவனமாயிற்று. எம். கே. தியாகராஜ பாகவதரின் ராஜமுக்தி எடுக்கப்பட்ட இடமும் அதுவே. அப்படத்திற்கு உரையாடல் எழுதப் புனே சென்றவர் புதுமைப்பித்தன். விருத்தாசலம் என்னும் இவ்வூர்ப் பெயரையே இயற்பெயராகக் கொண்ட அவர், 1906 இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். காமவல்லி, ஔவையார் ஆகிய படங்களின் எழுத்துப் பணியிலும் அவருக்குப் பங்குண்டு. சொந்தமாகப் படம் எடுக்க முயன்று நிறைவேறாமையையும் அவர் வரலாறு கூறும். புனேயில் காசநோய் முற்றி, 1948 இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

ஈண்டு ஒன்று நோக்குக. புதுமைப்பித்தன் கதைகளுக்கு 2000 ஆம் ஆண்டில் ஆ. இரா. வேங்கடாசலபதி செம்பதிப்பு வெளியிட்டார். கதைகள் காலமுறையில் வைக்கப்பட்டன. பத்திரிகையில் வந்த வடிவத்திற்கும் நூல் வடிவத்திற்கும் உள்ள வேறுபாடுகள் காட்டப்பட்டன. அதே ஆசிரியர் அதே கையால் திரைக்கு எழுதிய சொற்களுக்கு அத்தகைய பதிப்பு இல்லை. எந்தக் காட்சியில் எந்தச் சொல் அவருடையது, எது பிறர் சேர்த்தது, எது தணிக்கையில் நீங்கியது என்பவை ஆராயப்பட்டில. கதாசிரியர் விருத்தாசலத்தைத் தமிழ்த்துறை அறியும்; உரையாடலாசிரியர் விருத்தாசலத்தை அறியாது. அறியாமைக்குக் காரணம் அவர் எழுத்தின் குறையன்று; படம் பாடமாகக் கருதப்படாமையே.

5. பழங்கற்படி காட்டும் நெறி

செப்பனிடுதல் என்பது பழையதைப் புதிதாக்கிக் காட்டுதலா, அன்றிப் பழையதைப் பழையதாகவே நிலைபெறச் செய்தலா என்னும் வினா தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. செங்கல்லால் ஆன கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய செம்பியன் மாதேவியார், திருக்கோடிக்காவில் பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச்சுவரில் படியெடுத்துப் பொறிக்கச் செய்தார். அங்ஙனம் பொறித்தவர்கள், இது பழங்கல்லைப் பார்த்து எழுதிய படி என்று அச்சாசனங்களிலேயே குறித்துச் சென்றனர். கட்டடம் புதிது, எழுத்து பழையது, இரண்டின் எல்லையும் மறைக்கப்படவில்லை. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கல்தச்சர் கைக்கொண்ட இந்நேர்மை, திரைப்படம் செப்பனிடுவோர்க்கு உரைகல்லாகத் தக்கது.

இந்நெறியொடு பொருந்திய மீட்புப் பணிகளுள் இரண்டைக் கூறலாம். சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் மூல நெகடிவ்கள் 1993 இல் இலண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் நேர்ந்த தீயில் கருகின. அவற்றை எறிந்துவிடாது போற்றி வைத்திருந்தமையால், இத்தாலியின் பொலோனா நகரக் கலைஞர்கள் பின்னர் அவற்றை நெகிழச்செய்து கையாலேயே செப்பனிட்டனர். பதேர் பாஞ்சாலியில் ஏறத்தாழ 40 விழுக்காடும், அபராஜிதோவில் 60 விழுக்காட்டிற்கு மேலும் மூல நெகடிவிலிருந்து கிடைத்தன. எஞ்சியவற்றைப் பல நாட்டுக் காப்பகங்களிலிருந்த பிற பிரதிகளைக் கொண்டு நிரப்பினர். 2015 இல் இவை திரையிலும் பின்னர் இல்லத் தகடுகளிலும் வெளிவந்தன. எப்பகுதி எப்பிரதியினின்றும் வந்தது என்பது மறைக்கப்படவில்லை. சிதைந்த ஏட்டின் இடைவெளியைப் பிறிதோர் ஏட்டால் நிரப்பி, அதனை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பாசிரியர் செயலே இது.

மற்றொன்று, சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்து 1948 இல் வெளிவந்த கற்பனா. ஒளிப்பதிவு செய்தவர் கே. ராம்நாத். லலிதா, பத்மினி ஆகியோரின் இளமை நடனமும் அதிலுண்டு. மார்ட்டின் ஸ்கார்செஸி நிறுவிய உலகத் திரைப்பட அமைப்பு புனேக் காப்பகப் பிரதியைக் கொண்டு இதனைப் பொலோனாவில் செப்பனிட்டது. 2012 இல் கான் விழாவில் காட்டப்பட்ட இப்படம், 2022 இல் அமெரிக்கக் கிரைட்டீரியன் நிறுவனத்தின் உலகத் திரைப்படத் தொகுதியில் இல்லப் பதிப்பாக வெளிவந்தது. அதே ஆண்டு, அதே ஸ்டூடியோவிலிருந்து வெளிவந்த வாசனின் சந்திரலேகாவின் முரசு நடனத்தை ஆராய்வோர்க்கு இத்தகடு இன்றியமையாத ஒப்பீட்டுக் கருவியாகும். சென்னையிற் பிறந்த படம் ஒன்றைச் சென்னை மாணவர் நல்ல வடிவிற் காண அயல்நாட்டுத் தகட்டை நாடவேண்டியிருப்பது மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே தருவதாம்.

6. திருத்தமும் இடைச்செருகலும்

தமிழ்நாட்டில் மறுவெளியீட்டு அலையைத் தொடங்கிவைத்தது பி. ஆர். பந்துலுவின் கர்ணன். 1964 இல் வெளிவந்த இவ்வண்ணப்படம் 2012 மார்ச்சு 16 இல் டிஜிட்டல் முறையில் செப்பனிடப்பெற்று மீண்டும் வெளிவந்து நூறு நாளைக் கடந்து ஓடியது. 2014 இல் ஆயிரத்தில் ஒருவன், 2015 இல் வீரபாண்டிய கட்டபொம்மன் எனப் பல படங்கள் இவ்வழியைப் பின்பற்றின. பழைய படத்தைக் காக்கச் செலவிடும் பொருள் திரும்ப வரும் என்று வணிகருக்கு உணர்த்திய அளவில் இவை செய்த நன்மை பெரிது.

ஆயினும் பதிப்பு நோக்கில் சில வினாக்கள் எழுகின்றன. அக்காலப் படங்கள் ஒற்றை ஒலித்தடத்திற்கென அமைந்தவை. இக்கால அரங்கின் பல்வழி ஒலிக்கு அவற்றை மாற்றும்போது, இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் கருதியிராத ஒரு செவிப்புலம் தோன்றுகிறது. 1950-களின் நடுப்பகுதி வரையிலான படங்கள் நான்கிற்கு மூன்று என்னும் அளவுடைய சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அகன்ற திரைக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டின், ஆடுவோரின் அடி மறையும். பரதநாட்டியக் காட்சியில் பாதம் மறைதல், வெண்பாவில் ஈற்றுச்சீர் மறைதலை ஒக்கும். 1957 இல் சென்னை வாகினியில் தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்ட மாயாபஜாரின் தெலுங்கு வடிவம் 2010 இல் வண்ணமேற்றி வெளியிடப்பட்டது. மக்கள் விரும்பிக் கண்டனர் என்பது உண்மை. ஆனால் கறுப்பு வெள்ளையின் ஒளிநிழலை எண்ணியே மார்க்கஸ் பார்ட்லி ஒளியமைத்தார் என்பதும் உண்மை. வண்ணம் ஈண்டு உரை; மூலமன்று. உரையை மூலத்தோடு கலந்தெழுதின் அதனை இடைச்செருகல் என்று கூறுதல் தமிழ் மரபு.

புதுவடிவம் கூடாதென்பது எம் கருத்தன்று. உரையின்றி நூல் பரவாதவாறே, காலத்திற்கேற்ற வடிவமின்றிப் படமும் பரவாது. வேண்டுவது, மூலவடிவமும் உடன் நிற்றலே.

7. இல்லம் புகுந்த படம்

இல்லத்திற் படம் காணும் வாய்ப்பு ஒளிநாடாவாலும், பின்னர்த் தகடுகளாலும் அமைந்தது. 2007 இல் ஒரு நிறுவனம் பழந்தமிழ்ப் படங்களை 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் தகடாக விற்றபோது, பல படங்கள் முதன்முறையாக மாணவர் கைக்கு எட்டின. இலண்டன், சிங்கப்பூர் முதலிய இடங்களிலுள்ள தமிழர்க்கும் தகடே பழம்படத்தின் ஏடாயிற்று. ஆனால் தொடக்கக் காலத் தகட்டில் ஒரு சட்டம் 352 புள்ளி அகலமும் 288 புள்ளி உயரமுமே கொண்டது. இன்றைய உயர்வகைத் தகட்டில் அது 3840 புள்ளி அகலமும் 2160 புள்ளி உயரமும் உடையது. வேறுபாடு எண்பது மடங்கிற்கும் மேலாம். முகக்குறிப்பும் ஆடையின் இழையும் பின்னணியிலுள்ள எழுத்தும் முன்னதிற் புலப்படா. தேய்ந்த பிரதியைப் பார்த்துப் படியெடுத்த தகடுகளில் பாடல்கள் குறைந்தும் காட்சிகள் தாவியும் கிடப்பன பல. அத்தகடு ஒன்றையே கண்டு ஒரு படத்தின் அமைப்பை ஆராய்தல், ஏடு குறைந்த சுவடியைக் கொண்டு காப்பியக் கட்டுக்கோப்பை ஆராய்தலோடு ஒக்கும்.

வணிக வெற்றி பெற்ற படங்களுக்கேனும் மறுவெளியீடு வாய்க்கிறது. மாற்றுப்படங்களின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. கடலூர் மஞ்சக்குப்பத்திற் பிறந்த ஜெயகாந்தன் 1965 இல் இயக்கிய உன்னைப்போல் ஒருவன், தேசிய விருது பெற்றும் பெருந்திரளான மக்களைச் சென்றடையவில்லை. வீடு, சந்தியா ராகம் ஆகிய தம் படங்களின் நெகடிவ்கள் காக்கப்படாது போனமை குறித்து பாலு மகேந்திரா தம் இறுதிக் காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். திரைப்பட மரபு அறக்கட்டளையால் செப்பனிடப்பெற்றுக் கான் விழாவிற் காட்டப்பட்ட தம்பு (2022), இஷானௌ (2023), மந்தன் (2024), ஆரண்யேர் தின் ராத்ரி (2025) என்னும் நான்கும் முறையே மலையாளம், மணிப்புரி, இந்தி, வங்காளம் ஆகிய மொழிகளின. தமிழ் இவ்வரிசையில் இடம்பெறவில்லை. செப்பனிடும் கைத்திறன் சென்னையில் இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது. சென்னை பிரசாத் நிறுவனம் அயல்நாட்டுப் படங்களையும் சட்டம் சட்டமாகத் தூய்மை செய்து தருவதை உலகறியும்.

8. செய்யத்தக்கன

1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அளிக்கப்பட வேண்டும். திரைப்படத்திற்கு அத்தகைய கட்டாயம் இல்லை. இது முதற்கண் நீங்க வேண்டிய குறை. 2022 இல் நடுவண் அரசு 2,200 படங்களைச் செப்பனிட 363 கோடி ரூபாய் ஒதுக்கியமை வரவேற்கத்தக்கது. ஆயின் எப்படத்தை முதலில் எடுப்பது, எவ்வடிவத்தை மூலமாகக் கொள்வது என்பவற்றை முடிவு செய்யப் புலமை வேண்டும். அது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.

ஆராய்ச்சிக்குரிய துணைச்சான்றுகள் நம்மிடம் பல உள. ரோஜா முத்தையா நூலகத்திலுள்ள பாட்டுப் புத்தகங்கள், பாடல்களின் வரிசையையும் கதைச்சுருக்கத்தையும் தருகின்றன. மீதியை வெள்ளித்திரையில் காண்க என அவை முடிந்தாலும், ஆராய்வோர்க்கு அவை தரும் செய்தி மிகுதி. தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் குறிக்கப்படுகிறது. 35 மில்லிமீட்டர்ச் சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடுவதாகலின், சான்றிதழ் நீளத்தைக் கையிலுள்ள பிரதியின் நீளத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் குறைந்ததெனக் கணக்கிடலாம். பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாளெல்லாம் தொகுத்த நிழற்படங்கள் இழந்த காட்சியின் தோற்றத்தை உணர்த்தும். சு. தியடோர் பாஸ்கரன் முதலியோர் ஆய்வுகள் வழிகாட்டும்.

இவற்றைக் கொண்டு, செப்பனிட்ட படம் ஒவ்வொன்றும் நான்கு செய்திகளைத் தன்னுடன் கொண்டு வெளிவருதல் வேண்டும்: ஆதாரப் பிரதி யாது, எங்கிருந்தது, முதல் வெளியீட்டின் நீளம் எத்துணை, இன்று கிடைப்பது எத்துணை, ஒலி, வண்ணம், சட்டக அளவு ஆகியவற்றில் செய்த மாற்றம் யாது, கிடைக்காத பகுதி எங்கு, அதனை எவ்வாறு குறித்துள்ளனர். தகட்டின் உறையில் ஒரு பக்கத்தில் அடங்கும் செய்தி இது. செலவு சிறிது, பயன் பெரிது.

9. முடிவுரை

ஏட்டுச்சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டதைக் கேட்டுப் பெரியோர் கலங்கினர். கலங்கியதோடு அமையாது ஊர் ஊராகச் சென்று எஞ்சியவற்றைத் திரட்டினர். அதனால் சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது. படச்சுருளுக்கு அத்துணைக் கால அவகாசமும் இல்லை. பனையோலை முந்நூறு ஆண்டு நிற்கக்கூடும். அசிட்டேட் சுருள் நம் கிடங்குகளில் ஒரு தலைமுறைக்குள் கெட்டுவிடும். ஆகலின் மாவட்டந்தோறும் மூடிய திரையரங்குகளிலும் விநியோகக் கிடங்குகளிலும் எஞ்சியுள்ள பெட்டிகளைக் கணக்கெடுக்கும் பணியை முதுகலை மாணவர் தம் கள ஆய்வாகவே மேற்கொள்ளலாம். விருத்தாசலம் போன்ற இருப்புப்பாதைச் சந்திப்பு ஊர்கள் இக்கணக்கெடுப்புக்கு ஏற்ற தொடக்கமாகும். கிடைத்தவற்றைச் செப்பனிடுவது தொழில்நுட்பர் கடன். எது மூலம் என வரையறுப்பது தமிழாராய்வார் கடன்.